தொடர் நின்றதும் நடிகர் மறைந்ததும் ஒரே இழப்பு இல்லை

எட்டு வருடம் விடாமல் பார்த்த தொடரைக் கதை முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து, அதில் உங்களுக்கு மிகவும் பிடித்த நடிகர் உடல்நலம் குன்றி இறந்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத மனிதருக்காக மூன்று வாரமாக அழுவது கோளாறா? தொடரை நிறுத்திய வேதனைதான் அவரைக் கொன்றது என்று ரசிகர் குழுவில் எழுதுகிறார்களே, அது உண்மையா? அவர் நினைவாகவாவது தொடரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட்டால் பலன் இருக்குமா? மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, கோபமும் துக்கமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, எதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அப்படி எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

நான் உளவியல் படித்துவிட்டுப் பார்வையாளர் ஆய்வுத் துறைக்கு வந்தவன். தொடர் தயாரிப்பவர்களுக்காக ரசிகர்களிடம் பேசுவதும், அவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து அறிக்கை தருவதும் பல வருடங்களாக என் வேலை. ஒரு தொடர் நிற்கும்போது வரும் கடிதங்களும், ஒரு நடிகர் இறக்கும்போது வரும் கடிதங்களும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே சமயம், நான் மனநல மருத்துவர் இல்லை. உங்கள் அழுகை இயல்பின் எல்லைக்குள் இருக்கிறதா என்று உங்களை நேரில் பார்த்து முடிவு செய்யும் தகுதி எனக்கு இல்லை. பொதுவாக என்ன நடக்கிறது, எந்த அடையாளம் தெரிந்தால் உதவி தேட வேண்டும் என்பது வரைதான் நான் சொல்ல முடியும்.

முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இப்படி அழுகிறவர்கள் ஏராளம். அது மட்டுமே கோளாறு ஆகாது. திரையில் வருகிறவரோடு பார்ப்பவருக்கு ஏற்படும் ஒருபக்க உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சி அப்போதுதான் வீடுகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது. திரையில் இருப்பவர் நம்மைப் பார்த்துப் பேசுவதுபோல் பேசுகிறார், குறித்த நேரத்துக்கு வருகிறார், அவர் எப்போது சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று நமக்குப் பழகிப்போகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நெருக்கம் வளர்கிறது. பார்ப்பவர் ஏமாளி என்று இதற்கு அர்த்தமில்லை. மனிதர்களை அடையாளம் கண்டு நெருங்குவதற்காக நம் மனம் எதைப் பயன்படுத்துகிறதோ அதையேதான் திரைக்கு முன்னாலும் பயன்படுத்துகிறது. முகத்தை அவ்வளவு அருகில், அவ்வளவு நேரம், வருடக்கணக்காகப் பார்த்த மனிதர்களை எண்ணிப் பாருங்கள். சொந்தக்காரர்களில்கூட அப்படிச் சிலர்தான் இருப்பார்கள்.

தொடரும் சினிமாவும் இந்த இடத்தில் வேறுபடுகின்றன. சினிமா இரண்டரை மணி நேரத்தில் தன் கதையைச் சொல்லி முடித்து உங்களை அனுப்பிவிடும். தொடர் உங்கள் வாழ்க்கையோடு சேர்ந்து நடக்கிறது. நீங்கள் வேலை மாறியபோதும் அது ஓடியது, வீட்டில் ஒருவர் நோயில் கிடந்தபோதும் ஓடியது. கடிதம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கதையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, அந்தத் தொடரை யாரோடு உட்கார்ந்து பார்த்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். அவர்களில் சிலருக்கு அந்த நடிகரின் மரணம், முன்பு அழாமல் விட்ட வேறு ஒரு சாவையும் கிளறிவிடுகிறது. உங்களுக்கும் அப்படி இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இருந்தால் அதையும் சேர்த்தே அழுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றால், பாத்திரங்களைப் பிரிவதைப் பற்றி ஓரளவு தெளிவாகவே சொல்கின்றன. ஜொனாதன் கோஹன் என்ற ஆய்வாளர் 2004-ல், தனக்குப் பிடித்த பாத்திரம் திரையை விட்டுப் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று பார்வையாளர்களிடம் கேட்டார். நிஜ உறவுகளில் பிரிவை நினைத்துப் பதறுகிற சுபாவம் உள்ளவர்கள்தான் இதிலும் அதிகம் வருந்துவார்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவின் 'ஃபிரண்ட்ஸ்' தொடர் 2004-ல் முடிந்தபோது அவரும் கெரன் இயாலும் சேர்ந்து ரசிகர்களிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வருத்தம் உண்மையானதுதான், ஆனால் நிஜ உறவு முறிவோடு ஒப்பிட்டால் அதன் அளவு குறைவு என்பது அதன் முடிவு. 2007 நவம்பரில் அமெரிக்கத் தொடர் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, பல தொடர்கள் பாதியில் நின்றபோதும் ஒரு ஆய்வு நடந்தது. பொழுதுபோக்குக்காகப் பார்த்தவர்களைவிட, துணைக்கு ஒருவர் வேண்டும் என்பதுபோலப் பார்த்தவர்களுக்கே வலி கூடுதலாக இருந்தது.

இந்த முடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்? திசை சரி என்று நம்பலாம், அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படிப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் கேள்வித்தாளை நம்பியவை, அதிலும் கல்லூரி மாணவர்களைச் சார்ந்தவை நிறைய. தவிர, ஒரு தொடர் முறையாக முடிவதும் பாதியில் அறுபடுவதும் ஒன்றில்லை, பாத்திரம் போவதும் அந்த நடிகரே இறந்துபோவதும் ஒன்றில்லை. உங்களுக்கு இரண்டாவது வகைகளே அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. ஆகவே, "ஆய்வுப்படி உன் வருத்தம் சின்னது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்த ஆய்வுகள் உங்கள் நிலைமையை அளக்கவே இல்லை.

வலியைக் கூட்டுகிற இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் நாலு பேர் வந்து உட்காருவார்கள். நடிகருக்காக அழுதால், "உனக்கு என்ன அவர் மாமனா மச்சானா" என்பார்கள். சமூகம் அங்கீகரிக்காத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா 1989-ல் எழுதினார். அழ உரிமை இல்லை என்று மற்றவர்கள் கருதும் இழப்பில், துக்கத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். நடிகருக்கான துக்கம் அதற்குச் சரியாகப் பொருந்தும். ரசிகர் குழுக்கள் இவ்வளவு வேகமாகக் கூடுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், விளக்கம் சொல்லாமல் அழக்கூடிய இடம் அது ஒன்றுதானே. அப்புறம், துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, நீங்கள் இப்போது கோபக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து கட்டங்களை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் சொன்னது, சாகப் போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிய அனுபவத்தில். பிரிந்தவரை நினைத்து அழுகிறவர்கள் அந்த வரிசைப்படி நடப்பார்கள் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுநாள் உடைந்துபோனால், பின்னுக்குப் போய்விட்டோம் என்று பயப்படாதீர்கள். துக்கம் அப்படிப் போய்ப்போய் வருவதுதான் வழக்கம்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். தொடரை நிறுத்தியது ஒரு முடிவு. அதை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், எடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது, அதை எதிர்த்து வாதாடலாம், எப்போதாவது மாற்றவும் முடியும். நோயில் ஒருவர் இறப்பதை யாரும் முடிவு செய்யவில்லை. ஆனால் இந்த இரண்டும் நெருக்கமாக நடக்கும்போது மனம் ஒரு காரியம் செய்கிறது. மரணத்தின் மீது கோபப்பட ஆள் கிடைக்காததால், தொடரை நிறுத்தியவர்களிடம் போய் அந்தக் கோபத்தையும் இறக்கிவைக்கிறது. "நிறுத்தியதால்தான் போய்விட்டார்" என்ற வாக்கியம் அப்படிப் பிறக்கிறது. அதை எழுதுகிறவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்று எழுதுவதில்லை. காரணமே இல்லாத சாவைவிட, கெட்டவர் ஒருவர் இருக்கும் சாவு தாங்க எளிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் அது உண்மை ஆகிவிடாது. நடிகர்கள் தங்கள் நோயை வெளியில் சொல்லாமல் இருப்பது சகஜம். 'பிளாக் பாந்தர்' பட நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்ட் 28 அன்று 43 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். நோய் 2016-லேயே கண்டறியப்பட்டிருந்தது என்று குடும்பத்தார் அன்றைக்குச் சொன்ன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. இடைப்பட்ட வருடங்களில் அவர் மெலிந்ததைப் பார்த்து இணையத்தில் எத்தனையோ பேச்சு, எதுவும் உண்மையைத் தொடவில்லை. 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரில் காவல் கேப்டனாக வந்த ஆண்ட்ரே பிராவர் 2023 டிசம்பரில் 61 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். தொடர் 2021-லேயே முடிந்திருந்தது. தொடர் முடிவுக்கும் நடிகர் மரணத்துக்கும் நடுவில் நமக்குத் தெரியாத ஒரு முழு வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் நடிகருக்கு உடல்நலக் குறைவு என்று குடும்பம் அறிவித்திருக்கிறது. அதற்கு மேல் யார் சொல்வதும் ஊகம். வேலை போவது ஒருவரின் மனதையும் உடலையும் பாதிக்கும் என்பது பொதுவான உண்மை. அதை வைத்துக்கொண்டு, இந்த மனிதர் இதனால்தான் இறந்தார் என்று சொல்வது, அவருடைய மருத்துவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை நாம் அறிந்ததாகச் சொல்வது.

இதில் எனக்கு இருக்கும் கவலை வெறும் தகவல் பிழை பற்றியது இல்லை. இந்த மாதிரிக் கதை பரவும்போது அதன் சுமை எங்கே போய் இறங்குகிறது என்று பார்த்திருக்கிறேன். முடிவெடுத்த அதிகாரிகளின் கண்ணில் அது பெரும்பாலும் படுவதே இல்லை. அந்த நடிகரின் மனைவி, பிள்ளைகள், உடன் நடித்தவர்கள், தொடரின் சமூக ஊடகப் பக்கத்தைக் கவனிக்கும் இளைய ஊழியர் ஆகியோர்தான் படிக்கிறார்கள். "நாம் இன்னும் கவனித்திருந்தால் பிழைத்திருப்பாரோ" என்று ஏற்கெனவே தூங்காமல் கிடப்பவர்களிடம், அவரை யாரோ கொன்றார்கள் என்று தினமும் நூறு பேர் எழுதுவது கொடுமை. குழுவில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருந்தால், அதை இதற்காகச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் கிடைக்காத சாவை எப்படிச் சொல்வது என்பதற்குத் தொலைக்காட்சியில் நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் இருக்கிறது. 'செசமி ஸ்ட்ரீட்'டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். பாத்திரம் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். தயாரித்தவர்கள் வல்லுநர்களோடு கலந்து பேசி, உள்ளதைச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று, பெற்றோர் வீட்டில் இருக்கக்கூடிய விடுமுறை நாளாகப் பார்த்து அந்த எபிசோடை ஒளிபரப்பினார்கள். பெரிய மஞ்சள் பறவையான பிக் பேர்ட், தான் வரைந்த படத்தை ஹூப்பரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. அவர் இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று கேட்கிறது. "ஏன்னா... அப்படித்தான்" என்பதற்கு மேல் அவர்கள் பதில் எதுவும் சொல்வதில்லை. சிறு குழந்தைகளை நம்பி இவ்வளவு நேர்மையாகப் பேசியிருக்கிறார்கள். பெரியவர்களான நாம் ஒரு கொலைகாரரைத் தேடாமல் இருக்க முடியும் என்றே நம்புகிறேன்.

மனு விஷயத்தில் உங்களுக்கு நம்பிக்கை தரவும் வேண்டும், அதை அளவோடு தரவும் வேண்டும். தொடரை நிறுத்துவதற்கு, ரசிகர்கள் நினைக்கிற மாதிரி, வெறுப்பு பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. வருடம் ஏற ஏற நடிகர்கள், எழுத்தாளர்கள் சம்பளம் ஏறுகிறது. பார்ப்பவர் எண்ணிக்கை பொதுவாக இறங்குகிறது. விளம்பரத்தில் ஓடும் சேனல் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதோடு, விளம்பரதாரர் விரும்பும் வயதினர் எத்தனை பேர் என்றும் பார்க்கிறது. சந்தாவில் ஓடும் ஓடிடி தளம், வெளியான முதல் சில வாரங்களில் எத்தனை பேர் தொடங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோட் வரை போனார்கள் என்று பார்க்கிறது. மூன்றாவதாக, வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்று, தொடர் யாருக்குச் சொந்தம் என்பது. ஒளிபரப்புகிற சேனலே தயாரித்திருந்தால் மறு ஒளிபரப்பு, வெளிநாட்டு விற்பனை வருமானமும் அதற்கே வரும், கொஞ்சம் நஷ்டத்தைத் தாங்கும். வேறு நிறுவனத்திடம் வாங்கி ஒளிபரப்பினால், அந்தப் பொறுமை இருக்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டு புகழ்பெற்ற பிரசாரங்களைப் பாருங்கள். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர் நிற்கப் போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, 1967 கடைசியிலிருந்து ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். 1968 மார்ச் 1 அன்று, தொடர் தொடரும் என்று அதை ஒளிபரப்பிய என்.பி.சி. சேனல் திரையிலேயே அறிவித்தது. எத்தனை கடிதம் வந்தது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை, பத்து லட்சம் என்பது ரசிகர்கள் பக்கத்துக் கதை. கிடைத்த மூன்றாவது பருவம் (சீசன்) வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது, 1969-ல் தொடர் நின்றுபோனது. ஆனால் சேர்ந்திருந்த 79 எபிசோடுகள் எழுபதுகளில் மறு ஒளிபரப்பில் புது ரசிகர்களைக் கொண்டுவந்து, 1979-ல் திரைப்படத்துக்கு வழி செய்தன. 2007-ல் 'ஜெரிக்கோ' தொடரை சி.பி.எஸ். சேனல் நிறுத்தியபோது, கடைசி எபிசோடில் வரும் 'நட்ஸ்' (கொட்டைகள் என்றும் பொருள்) என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் ஏறத்தாழ 20 டன் வேர்க்கடலையை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஏழு எபிசோடுகளுக்கு அனுமதி கிடைத்தது, கூடவே பார்வையாளர்களைச் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்ற வேண்டுகோளும் வந்தது. சேரவில்லை. 2008 மார்ச்சில் மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். 'சக்' என்ற தொடரின் ரசிகர்கள் 2009-ல் புத்திசாலித்தனமாக யோசித்தார்கள். சேனலிடம் கெஞ்சுவதற்குப் பதிலாக, தொடரில் விளம்பரம் செய்த சப்வே சாண்ட்விச் கடைகளுக்குப் போய் வாங்கிச் சாப்பிட்டு, இந்தத் தொடருக்காகத்தான் வந்தோம் என்று எழுதி வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த பருவம் அந்த விளம்பரதாரர் உதவியோடு வந்தது, தொடர் 2012 வரை நின்றது.

2018 மே மாதம் ரசிகர்களுக்கு மறக்க முடியாத மாதம். ஃபாக்ஸ் சேனல் நிறுத்திய 'புரூக்ளின் நைன்-நைன்'ஐ மறுநாளே என்.பி.சி. எடுத்துக்கொண்டது. இணையம் போட்ட சத்தம்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். சத்தம் உதவியிருக்கலாம். ஆனால் அந்தத் தொடரைத் தயாரித்தது என்.பி.சி.யின் சகோதர நிறுவனமான யுனிவர்சல் டெலிவிஷன் என்பதை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதே மாதம் 'தி எக்ஸ்பேன்ஸ்' நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் பணம் சேர்த்து, அமேசான் ஸ்டுடியோ அலுவலகத்துக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். சில வாரத்துக்குள் அமேசான் எடுத்துக்கொண்டது. அதன் தலைவர் ஜெஃப் பெசோஸ் ஏற்கெனவே அந்தக் கதையின் ரசிகர். 'வெரோனிகா மார்ஸ்' ரசிகர்கள் 2013-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 91,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 57 லட்சம் டாலர் திரட்டினார்கள், தொடர் நின்று ஆறு வருடம் கழிந்திருந்தது, 2014-ல் படமாக வந்தது.

இந்த உதாரணங்களில் எது பிரசாரத்தால் நடந்தது, எது கணக்கு ஒத்துவந்ததால் நடந்தது என்று யாராலும் சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வென்றவை செய்தி ஆகின்றன. தோற்ற மனுக்களை யாரும் எண்ணிவைப்பதில்லை. என் வேலை அனுபவத்தில் சொல்வதானால், பிரசாரம் பூட்டிய கதவை உடைத்ததாக எனக்கு நினைவில்லை. யாரோ ஒருவர் உள்ளே இருந்து திறக்கலாமா என்று யோசிக்கும்போது, திறந்தால் நஷ்டமில்லை என்று காட்டுவதற்கு உதவுகிறது. நேரமும் முக்கியம். அமெரிக்கச் சேனல்களில் பல நடிகர்களின் ஒப்பந்தக் கெடு ஜூன் மாத இறுதியோடு முடிவது நீண்ட கால வழக்கம், அதன் பிறகு அவர்கள் வேறு வேலைக்குப் போகலாம். அரங்கைப் பிரித்துவிட்டால் மறுபடியும் கட்டச் செலவு. உங்கள் தொடர் நின்று ஐந்து மாதம் ஆகப்போகிறது. முழுப் பருவம் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன்.

இதோடு, அவர் இல்லாமல் அந்தத் தொடர் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் மனு எழுதும் முன் குழு பேசிக்கொள்வது நல்லது. நடிகர் இறந்த பிறகு தொடர்கள் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தால் எல்லா வழியையும் முயன்றிருக்கிறார்கள். 2003 செப்டம்பரில் ஜான் ரிட்டர் படப்பிடிப்புத் தளத்தில் உடல்நிலை மோசமாகி, அன்றே மருத்துவமனையில் இறந்தபோது, '8 சிம்பிள் ரூல்ஸ்' சில வாரம் நிறுத்திவைக்கப்பட்டு, அந்த அப்பா இறந்துவிட்டதாகவே கதையை மாற்றித் திரும்பியது. 2005 வரைதான் ஓடியது. 'க்ளீ' தொடரின் கோரி மான்டித் 2013 ஜூலையில் இறந்தார், அக்டோபரில் வந்த அஞ்சலி எபிசோடில் அவருடைய பாத்திரம் எப்படி இறந்தது என்று வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார்கள். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன், பார்ப்பவரின் கவனம் காரணத்தைத் தேடிப் போகாமல் பிரிவிலேயே நின்றது. தமிழில் 'எதிர்நீச்சல்' தொடரின் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று அதன் டப்பிங் வேலையின்போது மாரடைப்பு வந்து இறந்தார். பாத்திரம் தொடர்ந்தது, வேல ராமமூர்த்தி அதை ஏற்றார். இறந்தவரின் இடத்துக்கு வரும் நடிகர் மீது ரசிகர்கள் கோபத்தைக் கொட்டுவது எங்கும் நடக்கிறது. அவரும் வேலைக்கு வந்த ஒருவர்தான், அந்த இடத்தை அவர் பறிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு மதுக்கடையில் நடக்கும் 'சியர்ஸ்' தொடர் செய்தது. அதில் நடித்த நிக்கோலஸ் கொலசான்டோ 1985-ல் இறந்த பிறகு, அவர் தன் ஒப்பனை அறையில் வைத்திருந்த, அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவின் படத்தை அரங்கின் சுவரில் மாட்டினார்கள். எட்டு வருடம் கழித்துத் தொடரின் கடைசிக் காட்சியில் கதாநாயகன் கடையை மூடும் முன் அந்தப் படத்தை நேராக்கிவிட்டுப் போவார்.

உதவி தேட வேண்டிய அடையாளங்களைச் சுருக்கமாகவும் நேராகவும் சொல்லிவிடுகிறேன். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாமல் ஆனால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், மருத்துவரிடம் போய்விடுங்கள், காரணம் ஒரு நடிகர்தான் என்று சொல்லத் தயங்காதீர்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் தற்கொலையால் இறந்த பிறகு, அந்த வருடம் முடியும் வரையிலான மாதங்களில் அமெரிக்காவில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அதிகமாக இருந்தன என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர் மரணமே காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் எந்த நடிகரின் மரணமானாலும், அது நடந்த விதத்தைக் குழுவில் விவரமாக எழுதுவதை நிறுத்த அது ஒன்றே எனக்குப் போதுமான காரணம். பழைய எபிசோடுகளைப் பார்ப்பதா வேண்டாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விதி எதுவும் கிடையாது. பார்த்தால் ஆறுதலாக இருக்கிறதா, பார்த்த பிறகு இன்னும் மோசமாகிறதா என்று இரண்டு மூன்று தடவையில் உங்களுக்கே தெரிந்துவிடும். இப்போது முடியாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

மனுவை எழுதுவதாக இருந்தால், சேனலைவிடத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள், வேறு தளத்துக்கு விற்கும் உரிமை பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். முழுப் பருவம் கேட்காமல், கதையை முடிக்க ஒரு சிறப்பு எபிசோட் கேளுங்கள். 'சென்ஸ்8' 2017-ல் நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள், 2018 ஜூனில் இரண்டரை மணி நேர முடிவு எபிசோட் ஒன்று கிடைத்தது. செலவு தெரிந்த, எல்லை தெரிந்த கோரிக்கைக்குச் சரி என்று சொல்வது அவர்களுக்கு எளிது. எத்தனை பேர் கையெழுத்து என்பதோடு, எத்தனை பேர் சந்தா கட்டியோ அதிகாரப்பூர்வமான இடத்திலோ பார்க்கிறீர்கள் என்றும் எழுதுங்கள், அவர்கள் தேடும் எண் அதுதான். அவர் பெயரையோ படத்தையோ மனுவின் தலைப்பில் வைப்பதற்கு முன், குடும்பத்தின் சார்பில் பேசுகிறவர் யார் என்று கண்டுபிடித்து ஒரு முறை கேளுங்கள். பதில் வராவிட்டால் அவர் பெயர் இல்லாமலே மனுவை அனுப்புங்கள், அஞ்சலியைத் தனியாக எழுதுங்கள்.